ஓர் உறுப்பினர் கேட்டுக்கொண்டார்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் எங்கள் ஃபேக்டரி பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவர்கள் தங்கள் இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே குரல் கொடுக்க வேண்டும். "அண்ணே, முன்னுக்கு நிறுத்துங்க!" என்று கத்தினால் டிரைவர் நிறுத்துவார். கத்தாதவர்களுக்கு வீட்டுக்குப் போக விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வார். பல வருடங்களாக அந்த பஸ்ஸில் போய் வருகிறேன். ஒரு நாள்கூட என் வீட்டு முனையில் இறங்கியதில்லை. வேறு யாராவது கத்தி நிறுத்தும் இடத்தில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பேன். அந்த நடையால்தான் எனக்கு இன்னும் சர்க்கரை வரவில்லை என்பது என் கணவரின் கட்சி.

நான் ஊமையில்லை. எனக்கும் பேச்சு வரும். ஆனால் கூட்டம் கலைந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் வரும். சொந்தக்காரர்கள் என்னை வாயில்லாப் பூச்சி என்பார்கள். மனதுக்குள் நான் பேசுவது மட்டும் வெளியே கேட்டால், தீபாவளிக்கு ஒருவரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டார்கள். ஃபேக்டரியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்க பிளாஸ்டிக் மூடிகளில் குறை கண்டுபிடிப்பேன். அங்கேயும் குறையை வாயால் சொல்ல வேண்டியதில்லை, ஃபாரத்தில் எழுதினால் போதும். எனக்கென்றே செய்த வேலை அது.

நாங்கள் குடியிருக்கும் தாமானில் சின்னதாக ஒரு அம்மன் கோவில் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் உறுப்பினர் கூட்டம் நடக்கும். ஆண்கள் முன் வரிசைகளில், நாங்கள் பின்னால், மின்விசிறி எட்டாத இடத்தில். கோவிலின் பழைய செயலாளருக்கு சிங்கப்பூரில் வேலை மாறி, ஞாயிறும் பாலம் தாண்டிப் போக வேண்டியதாகிவிட்டது. புதுச் செயலாளர் யார் என்று தலைவர் கேட்டபோது, அதுவரை நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கைப்பேசியில் அவசரமாக எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

தலைவரின் பார்வை மண்டபத்தைச் சுற்றி வந்து என்மேல் நின்றது.

"அந்தத் தங்கச்சிய போடலாம் லா. அது பேசாது. சொன்னத எழுதும்."

மறுப்பதற்கு வேண்டிய வார்த்தைகளை நான் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது வார்த்தைக்கு வருவதற்குள் ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, கைதட்டலும் முடிந்துவிட்டது. சிவப்பு அட்டை போட்ட கனமான குறிப்புப் புத்தகத்தை என் மடியில் வைத்தார்கள். அதற்கு ஒரு சட்டமும் சொன்னார்கள். பேனாவால்தான் எழுத வேண்டும். ஒரு வரியை அடித்தாலும் பக்கத்தில் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கூட்டம் நடக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். போன மாதக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவானது என்பதைச் செயலாளர் எழுதி, நகல் எடுத்து, நாற்காலிக்கு ஒன்றாக வைக்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே 'நடவடிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் யார் என்பதை அதில் எழுத வேண்டும். கூட்டம் தொடங்கியதும் தலைவர் மைக்கைத் தட்டி, "மினிட்ஸ எல்லாரும் பாத்திருப்பீங்க. வாசிச்சதா எடுத்துக்குவோம்" என்பார். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார். அவ்வளவுதான், அது நடந்த உண்மையாகிவிடும்.

ஆனால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆண்கள் அதை மடித்து விசிறிக்கொள்வார்கள். பெண்கள் வடையை அதில் வைத்து எண்ணெய் ஒற்றுவார்கள். ராத்திரி எல்லாம் கண்விழித்து எழுதிய என் முதல் குறிப்பு, உளுந்து வடைக்குக் கீழே கண்ணாடி மாதிரி மினுங்கியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. பிறகு மெல்ல வேறொரு எண்ணமும் வந்தது. யாரும் படிக்காத இடத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாமே?

அந்த எண்ணத்தை நான் உடனே விரட்டிவிட்டேன். அது அடுத்த மாதம் திரும்பி வந்தது.

எங்கள் மண்டபத்துப் பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே காவல். தனியாகப் போகிறவள் ஒரு காலை நீட்டிக் கதவை மிதித்துக்கொண்டு, வேலையை முடிப்பதற்குள் பரதநாட்டியமே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தக் கூட்டத்தில் 'இதர விஷயங்கள்' வந்தபோது இதைச் சொல்லியே தீருவது என்று கையைப் பாதி தூக்கினேன். நான் கொண்டையைச் சரி செய்கிறேன் என்று நினைத்த தலைவர், "வேற ஒன்னும் இல்லல்ல?" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி முடித்தபின் கை நிற்கவில்லை. கடைசியாக இதையும் சேர்த்தது.

'பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் பொருத்த வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்டுக்கொண்டார். கூட்டம் ஏற்றுக்கொண்டது. நடவடிக்கை: கட்டடப் பொறுப்பாளர்.'

பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நான் உறுப்பினர்தான். மனதுக்குள் கேட்கவும் செய்தேன். கூட்டம் ஏற்றுக்கொண்டது என்பது மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே எழுதியது.

அடுத்த மாதம் வழக்கம்போல் வாசித்ததாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு தலைவர், செயலாளர் தரும் பட்டியலைப் பார்த்து, சென்ற மாத முடிவுகள் என்ன ஆயின என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பட்டியலும் என் கைவேலைதான்.

"கழிவறைத் தாப்பா என்னாச்சு?"

கட்டடப் பொறுப்பாளர் திருதிருவென விழித்தார். தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று சொன்னால், தான் கூட்டத்தில் தூங்கியது தெரிந்துவிடும் என்று பயந்திருக்க வேண்டும்.

"செஞ்சிக்கிட்டே இருக்கேன் தலைவரே. நல்ல சாமானா தேடுறேன்."

மறுநாள் மாலையே கதவில் பளபளவென்று தாழ்ப்பாள் இருந்தது. நான் உள்ளே போய் அதைப் போட்டுப் போட்டுத் திறந்தேன். அந்த 'டக்' சத்தம் நான் எழுதியதற்குக் கிடைத்த முதல் கைதட்டல். எத்தனை முறை போட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அதன்பின் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ருசி கண்ட பூனையாகிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிகளில் ஒன்றைப் பின் வரிசைக்கு மாற்ற வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்டுக்கொண்டார். மாற்றினார்கள். திருவிழா மேடையில் யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்று ஓர் உறுப்பினர் கேட்டுக்கொண்டார். அதைப் பட்டியலில் பார்த்ததும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அவர் திருவிழா உரையில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார்கள். தாமே தலைமை தாங்கிய கூட்டத்தில் இப்படி ஒரு முடிவு எப்படி வந்தது என்று கேட்க அவருக்கு வெட்கம். "போலே, போலே, செய்யலாம், நல்ல முடிவுதான்" என்று மென்று விழுங்கினார்.

இப்படியே விளையாடிக்கொண்டு போயிருப்பேன். பாயசக்காரக்காதான் என்னை விளையாட்டிலிருந்து வினைக்கு இழுத்தார். அவருக்கே அது தெரியாது.

திருவிழா அன்னதானத்துக்குச் சமைப்பது நாங்கள். விடிவதற்கு முன்பே வந்து காய் நறுக்கி, மதியம் வரை அடுப்படியில் வேகுவோம். விருந்தினர்கள் முதல் பந்தி, உறுப்பினர்கள் அடுத்தது, குடும்பங்கள் அதற்கடுத்தது. நாங்கள் உட்காரும்போது சோறும் ரசமும் இருக்கும், அப்பளத் தூள் இருக்கும். பாயச அண்டாவில் கரண்டி தட்டும் சத்தம் மட்டும் இருக்கும். மிச்சம் மீதியைக்கூட யாராவது முன்னாலேயே பிளாஸ்டிக் பையில் தாப்பாவ் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

அந்த ஆண்டுத் திருவிழாவில் அண்டா கழுவும்போது பாயசம் வைக்கும் அக்காவிடம், "இன்னிக்கி பாயசம் எப்பிடிக்கா?" என்று கேட்டேன். இரண்டு பேர் மட்டும் இருந்தால் எனக்கு ஓரளவு வாய் வரும்.

"யாருக்குத் தெரியும்?" என்றார் அக்கா. "நான் குடிச்சதே இல்லியே."

அம்மனுக்குப் படைக்கிற சாப்பாட்டை முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. எல்லாம் கைக்கணக்கு. படைத்த பிறகோ அண்டா முன்வாசல் வழியாகப் போய்விடும், காலியாகத்தான் திரும்பி வரும். இந்தத் தாமானில் எல்லோரும் நாக்கைச் சப்புக்கொட்டிப் பேசுகிற பாயசத்தை, அதை வைக்கிறவர் இத்தனை வருடமும் குடித்ததில்லை. அவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அண்டாவைக் கவிழ்த்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கோபத்தில் கரண்டியைக் கல்லில் தேய்த்த தேய்ப்பில் அது இன்றும் ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது.

அந்த மாதக் குறிப்பில் எழுதினேன்.

'திருவிழாவில் சமைக்கும் பெண்களுக்கு முதல் பந்தி. ஆண் உறுப்பினர்கள் பரிமாற வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்டுக்கொண்டார். கூட்டம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. நடவடிக்கை: தலைவர், துணைத்தலைவர், அனைத்து ஆண்கள்.'

'ஒருமனதாக' என்பது கொழுப்புத்தான். ஒப்புக்கொள்கிறேன்.

இந்த முறை கூட்டத்தில் முனகல் எழுந்தது. ஆனால் குறிப்பு அதற்குள் முன்மொழிந்து வழிமொழிந்து ஏற்கப்பட்டிருந்தது. "நம்மதான் அக்செப்ட் பண்ணிட்டோம் போல" என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு திருவிழாவில் நாங்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தோம். தலைவர் சாம்பார் வாளியோடு வந்து என் இலையில் ஒரு குளம் வெட்டினார். துணைத்தலைவர் ஒவ்வொரு இலையிலும் ஊறுகாயைச் சோறு மாதிரிக் குவித்துக்கொண்டு போனார். பாயசம் வந்தது. நாங்கள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தோம். அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார்.

"அலாமாக்!" என்றார். "சீனி கூட இருக்கே! இத்தன வருஷமா ஒருத்தன்கூட சொல்லலியே!"

நாங்கள் சிரித்த சிரிப்பில் கருவறையில் அம்மனே திரும்பிப் பார்த்திருப்பாள். அக்கா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாம்பார்க் குளத்துக்குக் கரை கட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

இனி வில்லங்கம். யார் அந்த ஓர் உறுப்பினர் என்று தாமான் முழுக்கப் பேச்சு. எங்கள் கோவிலில் ஒரு அண்ணன் இருக்கிறார். மைக் கையில் வந்தால் விடமாட்டார் என்பதால் எல்லோருக்கும் மைக் அண்ணன். யாரோ அவரிடம் "நீங்கதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் அவரே, "நான்தான் அன்னிக்கே எந்திரிச்சி சொன்னேன்" என்று தேதியோடு சொல்ல ஆரம்பித்தார். பெண்கள் அவருக்கு மட்டும் இரண்டு வடை வைத்தார்கள். பாயசக்காரக்கா அவரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டார். நான் எழுதிய வரிக்கு அவர் வடை தின்பதை, பின் வரிசையில் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காற்றும் என்னுடையதுதான் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேனா? பஸ்ஸையே நிறுத்தத் தெரியாதவள்.

அதற்கு மறு ஆண்டு திருவிழா நெருங்கியது. கூட்டத்தில் மைக் அண்ணன் எழுந்தார்.

"தலைவரே, இந்த வருஷம் பெரிய ஆளுங்க நெறைய வர்றாங்க. வந்தவங்கள நிக்க வச்சிட்டு நம்ம பொம்பளைங்க சாப்புட்டா நல்லாவா இருக்கும்? அன்னிக்கி அத கேட்டது நான்தான். நானே வாபஸ் வாங்கிக்கிறேன். லேடீஸ் எப்பயும் போல கடைசில சாப்புடட்டும்."

"கேட்டவரே வேணாங்கிறாரு. அப்பறம் என்ன?" என்றார் தலைவர். அவர் முகத்தில் சாம்பார் வாளியிலிருந்து விடுதலை கிடைத்த நிம்மதி தெரிந்தது. "எழுதிக்க தங்கச்சி."

பாயசக்காரக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மடியில் இருந்த தாளைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் சீனியைக் குறைத்து வைத்துப் பார்க்கப் போவதாக என்னிடம் போன வாரம்தான் சொல்லியிருந்தார். அந்தப் பாயசம் எப்படி வந்தது என்று அவருக்கு இனி எப்போதும் தெரியப் போவதில்லை.

வழக்கமாக வீட்டில்தான் எழுதுவேன். தலைவரே சொன்னதால் அங்கேயே புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தேன். மைக் அண்ணன் சொன்னதை எழுதுவதற்குத்தான் குனிந்தேன். என் கை எழுதியது இது.

'அந்த ஓர் உறுப்பினர் தாம்தான் என்று செயலாளர் எழுந்து நின்று தெரிவித்தார்.'

எழுதி முடித்தபின்தான் படித்தேன். சிவப்பு அட்டைப் புத்தகம், பேனா மை. அடிக்க வேண்டுமானால் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். எப்படிப் பார்த்தாலும் வாயைத் திறக்காமல் தப்ப வழியில்லை. இதுவரை நான் எழுதியதை எல்லாம் அடுத்தவர்கள்தான் உண்மையாக்கினார்கள். இதை நான்தான் ஆக்க வேண்டும்.

எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. என்னைவிட அதற்குக் குரல் அதிகம்.

"நான்," என்றேன். மேலே வரவில்லை. தலைவர் மைக்கைக் கொடுக்கச் சொன்னார். அது முன் வரிசையிலிருந்து கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது.

"அந்த உறுப்பினர் நான்தான். அண்ணன் இல்ல."

"நீயா? என்னைக்கு எந்திரிச்சி கேட்ட?" என்றார் மைக் அண்ணன். "ஒருத்தரும் பாக்கலியே!"

"கேக்கல அண்ணே. எழுதுனேன்."

மண்டபம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. நடந்ததை எல்லாம் சொன்னேன். தாழ்ப்பாள், மின்விசிறி, ஐந்து நிமிடம், பந்தி. செய்தது தப்பு, பதவியை விட்டு விலகுகிறேன் என்றும் சொன்னேன். வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல முடியவில்லை, பட்டியலாகத்தான் வந்தது.

"அப்பன்னா அந்த முடிவே செல்லாது!" என்று மைக் அண்ணன் மைக் இல்லாமலே முழங்கினார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. புத்தகத்தைப் பின்னுக்குப் புரட்டினேன்.

"அந்த மினிட்ஸ முன்மொழிஞ்சது நீங்கதான் அண்ணே. இங்க இருக்கு." விரலை அந்த இடத்தில் வைத்தேன். "படிச்சிட்டுத்தானே முன்மொழிஞ்சீங்க?"

அவர் கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். வழிமொழிந்தவர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். முன் வரிசையில் விசிறல் நின்றது. படிக்கவில்லை என்று மைக் அண்ணன் ஒப்புக்கொண்டால் அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒப்புக்கொண்ட மாதிரி. தலைவர் அதை எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டார். ஆயிரம் இருந்தாலும் தலைவர்.

"எல்லாரும் படிச்சிட்டுத்தான் ஏத்துக்கிட்டோம்," என்றார் அவசரமாக. "முடிவு முடிவுதான். பந்தி அப்பிடியே இருக்கட்டும்."

பின்னாலிருந்து எழுந்த கைதட்டலில் கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன. மைக் அண்ணனின் இரண்டாவது வடையை ஒரு பெண் கூட்டத்துக்கு நடுவிலேயே திரும்ப எடுத்துக்கொண்டாள். பாயசக்காரக்கா கைதட்டவில்லை. மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து, எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டு, முதல் முறையாக அதைப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

என் ராஜினாமாவை ஏற்கவில்லை. அதைவிட மோசமான தண்டனை கொடுத்தார்கள். இனிமேல் எதையும் வாசித்ததாக எடுத்துக்கொள்வதில்லை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்க வேண்டும், செயலாளரே வாசிக்க வேண்டும் என்று முடிவானது. தலைவர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாரா, அல்லது கண்ணில் தூசி விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் மைக் முன்னால் நின்றேன். முப்பது பேர், முப்பது தாள். ஒருவரும் விசிறவில்லை. ஒருவரும் வடை வைக்கவில்லை. நான் எங்கே எதை நுழைத்திருக்கிறேன் என்று வரிக்கு வரி விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். எழுதுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட வாசகர்கள் கிடைப்பது அபூர்வம் என்று பிற்பாடு தோன்றியது. அப்போது பூச்சி முனகுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

"தங்கச்சி!" என்று கடைசி வரிசையிலிருந்து பாயசக்காரக்கா கத்தினார். "சத்தமா படி! நீ எழுதுனது எங்களுக்குக் கேக்க வேணாமா?" "ஆமா, சத்தமா!" என்று மண்டபமே சேர்ந்துகொண்டது.

ஃபேக்டரி பஸ்ஸில் இன்றும் நான் கத்துவதில்லை. அடுத்தவர் முதுகுக்குப் பின்னால்தான் இறங்குகிறேன். ஆனால் அன்று மாலை அந்தக் கூட்டத்தின் குறிப்பை எழுத உட்கார்ந்தபோது, அந்தப் பழைய வரியை முதல் முறையாக ஒரு பொய்யும் கலக்காமல் எழுதினேன்.

'செயலாளர் இன்னும் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்டுக்கொண்டார். கூட்டம் ஏற்றுக்கொண்டது. நடவடிக்கை: செயலாளர்.'